நீருக்கு ஒதுக்கிய இடம்

சிங்கப்பூர்த் தமிழர் வாழ்வோடு ஒன்றிவிட்ட தேக்காவுக்கு அப்பெயரைத் தந்தது, ‘மூங்கிலடி’ என்னும் பொருளுடைய ஹொக்கியன் தொடர் என்பர். ரோச்சோர் கால்வாயின் கரையில் அன்று மூங்கில் செழித்திருந்தது. அவ்வட்டாரத்தின் மலாய்ப் பெயரான கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவத்தைக் குறிக்கும். மூங்கிலும் எருமையும் நீரை நாடுபவை. கடைகள் நெருங்கி நிற்கும் அம்மண், ஒருகாலத்தில் ஈரநிலம் என்பதை அப்பெயர்களே உணர்த்தும்.

அங்கு வெள்ளம் புகுந்ததற்கு மழை மட்டும் காரணமன்று. புக்கிட் தீமா மேட்டின் மழைநீர் அக்கால்வாய் வழியாகவே காலாங் கழிமுகத்தை அடைந்தது. பெருமழையும் கடலேற்றமும் ஒருவேளையில் நேர்ந்தபோது, நீர் வெளியேற வழியின்றித் தாழ்ந்த தெருக்களில் ஏறியது. வடகிழக்குப் பருவமழை பொழியும் டிசம்பரில் இவ்விடர் மிகுதி. தீவு 1954 டிசம்பரிலும் 1969 டிசம்பரிலும் பெருவெள்ளங்களைக் கண்டது. 1978 டிசம்பர் 2 அன்று பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அவ்வெள்ளத்தில் எழுவர் மாண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

ஒரே வழியில் வந்த நீரைப் பங்கிடுவதே பொறியாளர் கண்ட தீர்வு. 1972இல் நிறைவுற்ற முதல் மாற்றுக் கால்வாய், புக்கிட் தீமா நீரின் ஒரு பகுதியை உலு பாண்டான் ஆற்றுக்குத் திருப்பியது. 1990இல் முடிந்த இரண்டாவது, மற்றொரு பகுதியைக் காலாங் ஆற்றுக்கு அனுப்பியது. 2008இல் எழுந்த மரினா அணைக்கட்டு கடலேற்றத்தைத் தடுத்தது. பெருமழையின்போது கடல் தாழ்ந்திருந்தால் அதன் மதகுகள் திறக்கும். உயர்ந்திருந்தால் இராட்சதப் பம்புகள் நீரை இறைக்கும். 1970களில் 3,200 ஹெக்டேராக இருந்த வெள்ள அபாய நிலப்பரப்பு, பின்னர் 30 ஹெக்டேருக்கும் கீழே குறைந்தது.

எனினும், வெற்றி மறதியை வளர்க்கும். மண்ணைக் கட்டடமும் சாலையும் மூடுந்தோறும், நிலம் உறிஞ்சிய நீரும் கால்வாயைத் தேடி ஓடுகிறது. 2010 ஜூன் 16 அன்று நகரின் பகட்டான ஆர்ச்சர்ட் சாலையே நீரில் மூழ்கியபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. கடல்மட்டமும் உயர்ந்து வருகிறது.

மழையற்ற நாளில் புக்கிட் தீமா கால்வாயின் அடியில் மெல்லிய ஓடையைக் காணும் இளைஞர், இத்துணை அகலம் எதற்கென்று வியக்கக்கூடும். அவ்வகலம் அன்றாட நீருக்கு அளந்ததன்று. என்றோ ஒருநாள் வரும் பெருமழைக்கு ஒதுக்கியது. நிலம் அருகிய நாட்டில் வெற்றிடத்தை வெற்றிடமாகவே காப்பதும் ஓர் ஆக்கப்பணியே.