கொல்வதா, பட்டினி போடுவதா?

உயர் அழுத்தப் பம்புகளின் இரைச்சலில் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) கூடத்துக்குள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை வளாகம். கழிவறைகளும் கேன்டீனும் வெளியேற்றும் நீரைச் சுத்தம் செய்து, திரும்பவும் கூலிங் டவருக்கும் பாய்லருக்கும் அனுப்பும் நிலையம். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் சென்னைக் குடிநீர் வாரியம் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் செய்வதை இங்கே சின்ன அளவில் செய்கிறார்கள்.

அடுக்கடுக்காக வெள்ளைக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் 8 அங்குல விட்டமுள்ள ஆறு மெம்பரேன் சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகப்பட்டிருக்கின்றன. ஷிப்ட் ஆபரேட்டர் நேரே இரண்டு பிரஷர் கேஜுகளிடம் கூட்டிப்போனார்.

"உள்ள போறப்ப ஒரு பிரஷர், ரிஜெக்ட்ல வெளிய வர்றப்ப ஒரு பிரஷர். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சார் டி.பி. அது ஏறுதுன்னா உள்ள சளி பிடிக்குதுன்னு அர்த்தம்."

சுத்தமாக இருந்தபோது குறித்து வைத்த அளவைவிட டி.பி. 10, 15 சதவீதம் ஏறினாலே கழுவிவிட வேண்டும் என்பது மெம்பரேன் கம்பெனிகளின் வழக்கமான அறிவுரை. 'பி' வரிசையின் லாக் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தக் கோட்டைத் தாண்டி வெகு நாளாகியிருந்தது. உற்பத்தியை நிறுத்த மேலே சம்மதிக்கவில்லையாம். நன்னீரின் அளவும் தரமும் குறையாதவரை யாருக்கும் அவசரம் தெரிவதில்லை.

பின்கட்டில் 'பி' வரிசையிலிருந்து கழற்றிய ஒரு சுருளை அறுத்து விரித்து வைத்திருந்தார்கள். பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு படலம், சாக்கடை வாடை. மெம்பரேன் தாள்களுக்கு நடுவே நீர் ஓட இடம்விட்டுப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் வலை ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. அதன் கண்ணிகளில்தான் சளி அதிகம் அப்பியிருந்தது. மெம்பரேன் தாங்கினாலும் ஓடும் வழி அடைபடுகிறது, டி.பி. ஏறுவது அதனால்தான்.

நிலையத்தின் பொறியாளர் அம்மையார் படலத்தைக் கொஞ்சம் சுரண்டி, கரண்டியில் வைத்துத் தீயில் காட்டினார். முடி கருகும் நாற்றம். "சுண்ணாம்புப் படிவா இருந்தா எரியாது சார். இது முழுக்க உயிர்ச்சரக்கு" என்றார். வரிசையில் கடைசிச் சுருளில் உப்பு படியும், முதல் சுருளில் இந்தச் சளி வளரும். பந்தியில் முதல் இலைக்காரருக்குப் போல, நீரோடு வரும் ஊட்டம் முதலில் அங்கேதான் கிடைக்கிறது.

குளோரின் போட்டால் தீராதா என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. உப்பைத் தடுக்கும் பாலிஅமைடு படலத்தின் கனம் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்குகூட இருப்பது அரிது. குளோரின் அதை அரித்துவிடும். ஆகவே முன்னால் குளோரின் போட்டு, மெம்பரேனைத் தொடும் முன் எஸ்.எம்.பி.எஸ். (சோடியம் மெட்டாபைசல்பைட்) கரைசலால் அதை முறிக்கிறார்கள். முறித்த இடத்துக்குப் பிறகு காவல் இல்லை. ஆயிரத்தில் 999 பாக்டீரியா செத்தாலும் மிஞ்சிய ஒன்று பெருகும். செத்தவையும் ஒட்டிய இடத்திலேயே கிடந்து மற்றவற்றுக்கு உணவாகும். போதாததற்கு, நீரிலுள்ள பெரிய கரிமப் பொருள்களைக் குளோரின் எளிதில் தின்னக்கூடிய துண்டுகளாக உடைத்தும் வைக்கிறது. சிங்கப்பூரின் நியூவாட்டர் நிலையங்கள் மென்மையான குளோராமினைப் பயன்படுத்துகின்றன. அதற்கு அம்மோனியா வேண்டும். இங்கே காற்றூட்டத் தொட்டியிலேயே அது தீர்ந்துவிடுகிறது.

ஜெர்மன் ஆய்வாளர் ஹான்ஸ்-கர்ட் ஃபிளெமிங் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதைத்தான்: கிருமியைத் துரத்துவதைவிட அதன் உணவைக் குறைப்பதே வழி. அந்த உணவில் பாஸ்பரசும் சேர்த்தி. உப்புப் படியாமலிருக்க ஊற்றும் ஆன்டிஸ்கேலன்ட் பலவற்றில் பாஸ்பரஸ் சேர்மங்கள் இருப்பதை வேதிப்பொருள் விற்பவர்கள் ஏனோ அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

அன்று 'பி' வரிசைக்கு சி.ஐ.பி., அதாவது கழற்றாமல் இருந்த இடத்திலேயே கழுவுவது. முதலில் 35 டிகிரி சூட்டில் காஸ்டிக் கரைசல், பி.எச். 12-ஐ ஒட்டி. அழுக்கு உள்ளே அழுந்தாமலிருக்கக் குறைந்த அழுத்தத்தில் சுற்றவிட்டார்கள், பம்பை நிறுத்தி ஊறப் போட்டார்கள், மறுபடி சுற்றவிட்டார்கள். ஆசிட் அதன் பிறகுதான். முதலிலேயே ஆசிட் போனால் சளி இறுகிப் பிடித்துக்கொள்ளும். திரும்பி வந்த நீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் நுரைத்தது.

அதற்குள் ஒரு வாக்குவாதம். கிருமிக்கொல்லியான டி.பி.என்.பி.ஏ. அளவைக் கூட்டச் சொன்னார் பிளான்ட் மேனேஜர். "கூட்டலாம் சார். ஆனா கிளாரிஃபயர்லேர்ந்து ஸ்லட்ஜ் தப்பி வர்றத நிறுத்தலன்னா அடுத்த மாசமும் இதே கதைதான்" என்றார் அம்மையார். கிளாரிஃபயர் என்பது கசடு படியும் தொட்டி. என் ஓட்டு அவருக்குத்தான். செத்த சளியும் அடைப்புதானே. கொல்லியால் அது கழன்று வந்துவிடாது.

கழுவி முடித்து ஓட்டியபோது டி.பி. இறங்கியது, பழைய அளவுக்கு இல்லை. 'பி' வரிசைக் குழாய்களின் முதல் சுருள்களை மாற்ற இன்டென்ட் போட்டார்கள். பாஸ்பரஸ் இல்லாத ஆன்டிஸ்கேலன்டுக்கு விலைப்புள்ளி கேட்க மேனேஜர் ஒப்புக்கொண்டார். கிளாரிஃபயர் வேலையை அடுத்த ஷட்டவுனுக்குத் தள்ளிவைத்தார்.