உல்லைக் கடைகளில் நமக்கும் ஒரு மேசை

சீசன் வந்துட்டு. மே முதல் செப்டம்பர் வரை அறுகம்பே அலைக்காக உலகமே வரும். உல்லை ரோட்டில் நடக்க இடமிருக்காது. நம்ம பொடியன்மார் பலருக்கு இந்த நாலைந்து மாத உழைப்புத்தான் வருசச் செலவு. சந்தோசம்தான்.

ஆனா, பொத்துவிலிலிருந்து பாலம் தாண்டி குடும்பத்தோடு சாப்பிடப் போகும் நாங்கள்?

மெனு இங்கிலீஷில் மட்டும். மீனுக்கு நேரே விலை இல்லை. "சைஸைப் பொறுத்து சேர்" என்கிறார்கள். போன கிழமை ஆறு பேர் போனோம். விடியக்காலை நம்ம கரையில் இறங்கிய பாரை மீனை ராத்திரி பில்லில் அடையாளமே தெரியவில்லை. அதற்கு மேல் 10% சேர்விஸ் சார்ஜ். பிள்ளைகள் ஐஸ்கிறீம் கேட்டார்கள், வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று எழும்பினோம். (ருசியில் குறை சொல்லக்கூடாது, நல்லாத்தான் சமைக்கிறார்கள்.)

விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதை விடுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகும் கொரோனா காலத்திலும் வெள்ளைக்காரர் வராதபோது அந்தக் கதிரைகளில் இருந்தது யார்? அக்கரைப்பற்று, சம்மாந்துறை, கல்முனை என்று நம்ம சனம்தானே.

விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பட்டியல். பொரிக்க முன்னமே மீனை நிறுத்து விலை சொல்லுங்கள். பியர் போத்தல் மேசைகளிலிருந்து கொஞ்சம் தள்ளி, குடும்பங்களுக்கு ஒரு மூலை.

கடை வைத்திருக்கிற பலர் எங்களிடம் படித்தவர்கள். வாசிப்பீர்கள் என்று தெரியும், தம்பிமாரே. பெருநாளைக்கு வருவோம்.