பாற்பல் தரும் பாடம்

“பல் போனால் சொல் போச்சு” என்பது பழமொழி. நம் பேச்சும் உணவும் சிரிப்பும் பல்லை நம்பியே இருக்கின்றன. ஆயினும் இயற்கை நமக்குப் பற்களைத் தருவது இரண்டே முறைதான். முதலில் 20 பாற்பற்கள். பின்னர் 32 நிலைப்பற்கள். மூன்றாம் முறை இல்லை. சுறாமீனுக்கோ ஆயுள் முழுவதும் புதுப் பற்கள் முளைக்கின்றன. சுண்டெலியின் முன்பல் தேயத் தேய வளர்கிறது. ஆறறிவு படைத்த நமக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

விடை, பல் உருவாகும் விதத்தில் இருக்கிறது. நாம் தாயின் வயிற்றில் ஆறு வாரக் கருவாக இருக்கும்போதே அவ்வேலை தொடங்கிவிடுகிறது. வாயின் மேல்தோலும் அதன் அடியிலுள்ள திசுவும் ஒன்றுக்கொன்று சைகை அனுப்பிப் பல்லைக் கட்டுகின்றன. மேல்தோலிலிருந்து வரும் செல்கள் எனாமலைச் செய்கின்றன. அடித்திசுவின் செல்கள் டென்டைனையும் பற்கூழையும் செய்கின்றன. பல் ஈறைக் கிழித்து வெளிவரும்போது எனாமல் செய்த செல்கள் மடிந்துவிடுகின்றன. கொத்தனார் போய்விட்ட வீடு அது! ஆகவேதான் சொத்தையில் இழந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. சுண்டெலியின் முன்பல் அடியிலோ, எனாமல் செய்யும் செல்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்கள் என்னும் குருத்தணுக்கள் தங்கியிருக்கின்றன.

அப்படியானால் நம் பல்லில் குருத்தணுக்களே இல்லையா? உண்டு. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையத்தில் ஸ்டான் கிராந்தோஸ், சாங்டாவ் ஷி முதலிய விஞ்ஞானிகள் பெரியவர்களின் பற்கூழில் அவற்றைக் கண்டனர். பின்னர் ஷி, தம் ஆறு வயது மகளின் விழுந்த பல்லில் சிவந்த திசு ஒட்டியிருப்பதைக் கவனித்தார். அடுத்த பல் விழுந்ததும் அதைப் பாலில் இட்டுக் காத்து, ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். பாற்பல்லிலும் குருத்தணுக்கள் உண்டென்று 2003-இல் அவர் குழு அறிவித்தது. ஒரு முன்பல்லில் கிடைப்பவை 12 முதல் 20 வரையே. ஆயினும் அவை விரைந்து பெருகுபவை. நம் ஊரில் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியும் பல்லுக்குள் இத்தனை செல்வமா!

2009-இல் ஜப்பானில் தாகாஷி சுஜி குழுவினர், செல்களிலிருந்து பல்முளை செய்து சுண்டெலியின் தாடையில் வைத்தனர். அது மெல்லும் பல்லாகவே முளைத்தது. 2018-இல் சீன மருத்துவர்கள், அடிபட்டுப் பற்கூழ் செத்துப்போன சிறுவர்களின் முன்பல்லுக்குள் அவரவர் பாற்பல்லின் குருத்தணுக்களையே வைத்தனர்; இரத்த நாளமும் நரம்பும் கொண்ட புதுப் பற்கூழ் வளர்ந்தது.

குருத்தணு என்றதும் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். மனிதக் கருவை அழித்தும் குருத்தணு எடுப்பதுண்டு. அதைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆனால் எவரிடமிருந்து எடுக்கிறோமோ அவருக்குப் பெருந்தீங்கு விளையாத முறைகள் தகும் என்று, 2008-இல் வத்திக்கான் வெளியிட்ட ‘டிக்னித்தாஸ் பெர்சோனே’ என்னும் ஏடு கூறுகிறது. தானே விழும் பாற்பல்லால் எவ்வுயிருக்கும் கேடில்லை. ஓர் உயிரைப் பறித்து மற்றோர் உயிருக்கு நலம் தேடாமலும் விஞ்ஞானம் வளர முடியும் என்பதே பாற்பல் நமக்குத் தரும் பாடம்.

மனிதருக்கு முழுப் பல்லையும் செல்களிலிருந்து வளர்த்துத் தரும் சிகிச்சை இன்னும் வரவில்லை. அது வரும்வரை, நம் வாயில் இருப்பவையே இறைவன் தந்த கடைசித் தவணை. காலையும் இரவும் பல் துலக்கி அதைக் காப்போமாக!