திறந்து வழிவிட்ட பாலம்

நாலு நாள் விடாமல் மழை பெய்தால் கொழும்பில் எல்லாருடைய வாயிலும் நாகலகம் வீதி வந்துவிடும். மேலே ஹங்வெல்லவில் களனி ஆற்றின் உயரத்தை மீற்றரில் சொல்லும் நீர்ப்பாசனத் திணைக்களம், நாகலகம் வீதி அளவுகோலில் மட்டும் அடியில் சொல்கிறது. ஐந்து அடி என்றால் சிறு வெள்ளம், ஏழு என்றால் பெருவெள்ளம். வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருக்கிற எனக்கு ஐந்தும் ஒன்றுதான், ஏழும் ஒன்றுதான். ஆனாலும் அதைக் கேட்காமல் நித்திரை வராது.

அந்த அளவுகோல் நிற்கிற கிராண்ட்பாஸ் பக்கம்தான் பழைய தோணித்துறை. பறங்கியர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் ஆற்றைக் கடந்தது அங்கேதான். கண்டிக்கு றோட்டுப் போடுகிற மும்முரத்தில் இருந்த ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், 1822இல் அங்கே ஒரு பாலம் அமைத்தார். தூண் கிடையாது, வளைவு கிடையாது. வள்ளங்களை வரிசையாக நங்கூரமிட்டு நிறுத்தி மேலே பலகை பரப்பிய தோணிப்பாலம். ஆறு ஏறினால் பாலமும் ஏறும், ஆறு வடிந்தால் கூடவே இறங்கும். கடப்பதற்குக் காசு. அதை வசூலிக்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. மலைநாட்டுக் கோப்பி மூட்டைகளெல்லாம் மாட்டு வண்டியில் இந்தப் பலகைமேல்தான் வரவேண்டும். ரயில் வரும்வரைக்கும் குத்தகைக்காரர் காட்டில் மழைதான்.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறு விஷயம். குறித்த நேரத்தில் நடுவிலிருந்த வள்ளங்களைக் கழற்றி ஒதுக்கிவிடுவார்களாம். கூரை வேய்ந்த சரக்குத் தோணிகள் அந்த இடைவெளியால் போகும். அதுவரைக்கும் கண்டி றோட்டு காத்து நிற்கவேண்டும். வண்டிக்காரன் வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி இருந்திருப்பான். பின்னால் வந்த துரையின் குதிரை வண்டியும் நின்றிருக்கும். துரை கடிகாரத்தை எடுத்துப் பார்த்திருப்பார், பார்த்து என்ன பயன்? தோணிக்காரன் அவசரப்படுகிறவனாக இருந்திருக்க மாட்டான்.

1895இல் இரும்பில் விக்டோரியா பாலம் வந்தது. அதற்குப் பிறகு யாருக்காகவும் பாலம் திறக்கவில்லை.

தண்ணீரிடம் கேட்டுவிட்டுக் கடப்பது இந்த ஆற்றங்கரைக்குப் பழைய வழக்கமோ என்னவோ. சற்று மேலே களனி விகாரையில் விபீடணனுக்குக் கோயில் இருக்கிறது. எங்கள் மேடைகளில் காட்டிக்கொடுத்தவன் என்று திட்டு வாங்கும் அதே ஆள்தான்; சிங்கள மக்களுக்கு அவர் களனியைக் காக்கும் தெய்வம். கடலை எப்படித் தாண்டுவது என்று இராமன் திகைத்து நிற்க, வருணனிடம் வழி கேள் என்று யோசனை சொன்னவர் அவர். கம்பனிலும் அப்படித்தான். கேட்டும் வருணன் உடனே வரவில்லை, அம்பைத் தொடுத்த பிறகே வந்தான் என்பது வேறு கதை. ஆனாலும் முதலில் கேட்டார்கள்.

உலகம் அறிந்த களனிப் பாலம் இவை ஒன்றுமில்லை. குவாய் ஆற்றுப் பாலம் என்று 1957இல் டேவிட் லீன் எடுத்த படத்தில் வருகிற ஆறு, கித்துல்கலவில் ஓடுகிற எங்கள் களனிதான். மரத்தால் உண்மையான பாலமே கட்டி, ரயிலோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாலம் கட்டுவதைவிடத் தகர்ப்பதைப் பார்க்கத்தான் சனம் காசு கொடுக்கும்.

கொழும்பில் களனிக்கு மேலே 1959இல் கட்டிய பாலத்தை அறுபது வருடம் புதிய பாலம் என்றே சொல்லிவந்தோம். 2021 நவம்பரில் அதன் பக்கத்திலேயே ஜப்பான் கடனில், ஆறு வழிப் பாதையோடு, கம்பிவடங்கள் தாங்கும் பாலத்தைத் திறந்து, பொன்னும் கல்யாணியும் சேர்ந்த பெயரும் வைத்தார்கள். இரவில் வண்ண விளக்குப் போடுவார்கள். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற சனத்துக்கு அதுவும் தெரியாது. பஸ் ஆற்றைத் தாண்டும்போது திரைச்சீலை இழுத்து, படம் போட்டு, பாதிப் பேர் குறட்டை.

2023இல், அந்தப் பாலத்தின் ஆணி, நட்டு, கம்பியென்று ஏறக்குறைய 28 கோடி ரூபா பெறுமதியான இரும்பு களவு போய்விட்டது என்று அமைச்சர் சொன்னார். பாலம் விழுந்துவிடாது என்று ஆறுதலும் சொன்னார்கள். கழற்றிய இரும்பை எந்தப் பாலத்தால் ஏற்றிக்கொண்டு போய் விற்றார்களோ!