வாடகை கொடுக்க இயலாத மந்திரவாதி

தமிழ்த்துறையினர்க்கு அமெரிக்க மாயக்கதை எதற்கு எனப் பெரியோர் வினவலாம். கதை எம்மொழியினதாயினும் கதையே அன்றோ!

ஜிம் புச்சர் எழுதிவரும் 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' வரிசையின் முதல் நாவல் 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் நம்மை ஈர்த்தது மாயமன்று, வாடகைக் கவலை. கதைத்தலைவன் ஹாரி டிரெஸ்டன், சிகாகோ நகரத் தொலைபேசிக் கையேட்டில் 'மந்திரவாதி' என்றே பதிந்துகொண்டு துப்பறிந்து பிழைப்பவன். தரைக்கடியிலுள்ள சிறு வீடு. அடிக்கடி பழுதாகும் பழைய வோக்ஸ்வேகன் கார். மின்கருவிகள் அவனருகே செயலிழந்துவிடும். வெந்நீருக்கும் வழியின்றிக் கடுங்குளிரில் தண்ணீரிலேயே குளிப்பான். நெருப்பை வரவழைக்க வல்லவனுக்கு வெந்நீர் இல்லை! அந்த முரணில்தான் கதை உயிர்த்தது. காவல் அதிகாரி மர்ஃபியோ, மாயம் ஏதுமின்றித் துணிவொன்றையே துணையாகக் கொண்டவள்.

2010இல் வந்த பன்னிரண்டாம் நாவலில் அவனுடைய அலுவலகம், வீடு, கார் மூன்றும் அழிகின்றன. துணிச்சலான திருப்பம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றோடு வாடகைக் கவலையும் போயிற்று. தேவதை அரசியின் வீரனாகிவிட்டவனுக்கு, நூலுக்கு நூல் பெரிய பகைவர் தேவைப்பட்டனர்.

2014க்குப் பின் ஆறாண்டுகள் புதிய நாவல் இல்லை. 2020இல் இரண்டு வந்தன. இரண்டாவதில் சிகாகோவே போர்க்களமாகிறது; மர்ஃபியும் மாய்கிறாள். அவளுக்காகச் சற்றே வருந்தியிருக்க விரும்பினோம். நூலோ அடுத்த சண்டைக்கு விரைந்துவிட்டது.

அண்மையில் மாணவரொருவர் இவ்வரிசையைக் கேட்டார். முதல் நாவலை மட்டும் எடுத்துக் கொடுத்தோம்.