ஊசி படாத தட்டு

த்ராஷ் மெற்றல் இசையை வெறும் இரைச்சலென்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர். நான் அவ்வாறு கருதவில்லை. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரைச் சேர்ந்த ‘சபத்’ குழுவினரின் முதல் இசைத்தட்டான ‘ஹிஸ்டரி ஒவ் எ டைம் டு கம்’, பேர்லினின் நோய்ஸ் நிறுவனத்தால் 1988இல் வெளியிடப்பட்டது. சாத்தானுக்குத் தன் ஆன்மாவை விற்ற பௌஸ்றின் கதையை அதில் ஒரு பாடலும், நாஸிப் படையில் அகப்பட்ட போர்வீரன் ஒருவனின் உளப்போராட்டத்தைப் பிறிதொரு பாடலும் பேசுகின்றன. பாடல்களை யாத்த மார்ட்டின் வோல்க்கியர் சொற்களைப் பாடுகின்றார் என்பதிலும் பார்க்கக் கொட்டுகின்றார் என்பதே பொருந்தும். அன்டி ஸ்னீப்பின் கிற்றாரோ அவரைத் துரத்திக்கொண்டே வரும். மும்முறை கேட்ட பின்னரே எனக்குச் சில அடிகள் பிடிபட்டன.

இன்று அம்முதற்பதிப்பு சேகரிப்போரின் தேட்டப்பொருள். வைனில் தட்டின் பள்ளத்தில் ஊசி ஓடுந்தோறும் அது சிறிது தேயும், கீறலும் விழக்கூடும். ஆதலின் ஊசி படாத தட்டுக்கே விலை அதிகம். உறை பிரிக்கப்படாததாயின் கேட்கவே வேண்டாம்! (உண்மையில் எவரும் கேட்பதுமில்லை.)

சேகரிப்போரை நான் பழிக்கவில்லை. பழைய தட்டுக்கள் அழியாது எஞ்சியமைக்கு அவர்களும் காரணர். ஆயினும், இத்துணை ஆவேசத்துடன் எழுந்த குரலொன்று, உறைக்குள் மௌனமாய்க் கிடப்பதனாலேயே மதிப்புப் பெறுவதை என் மனம் ஒப்பவில்லை. கைத்தொலைபேசியிற் கேட்கும் மாணவன் நான்; வாங்க வசதியில்லை. என்றேனும் ஒரு தட்டு என் கைக்கு வருமாயின், பௌஸ்றின் பாடல் தேயும்வரை அதனைச் சுழலவிடுவேன்.