அப்போலோவில் ஒரு புதன்கிழமை

நியூயார்க் போகிற நம்மவர்கள் சுதந்திர தேவி சிலையோடு திருப்திப்பட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாதாள ரயிலில் ஏறி ஹார்லெம் பகுதியில் 125-ம் தெருவில் இறங்கினால் அப்போலோ தியேட்டர். கறுப்பின மக்களின் சங்கீதக் கோயில்.

நான் போனது 2018-ல், ஒரு புதன்கிழமை. நாள் பார்த்துத்தான் போனேன். அன்றைக்குத்தான் அங்கே ‘அமெச்சூர் நைட்’. புதுமுகங்கள் பாடலாம், ஆடலாம். பிடித்தால் கூரை அதிரக் கைதட்டல், பிடிக்காவிட்டால் ஊளை! ஊளை உச்சத்துக்குப் போனால் ஓர் ஆசாமி கோமாளி வேஷத்தில் வந்து, பாடுகிறவரை மேடையை விட்டே விரட்டுவார். பிடிக்காத கச்சேரியில் நைஸாக கான்டீனுக்கு நழுவுகிற நாமெல்லாம் எவ்வளவோ தேவலை.

மேடையோரம் ஒரு மரக்கட்டை. சாலையை அகலப்படுத்த வெட்டப்பட்ட ‘நம்பிக்கை மர’த்தின் மிச்சம். ஏறுகிறவர்கள் அதைத் தடவிவிட்டுத்தான் மைக்கைத் தொடுகிறார்கள்.

இதே மேடைக்கு 1934 நவம்பர் 21-ல் ஒரு பெண் வந்தாள். வயசு 17. அம்மா இல்லை. சீர்திருத்தப் பள்ளியிலிருந்து ஓடிவந்து தெருவில் திரிந்தவள். வந்தது ஆடுவதற்கு! தனக்கு முன்னால் ஆடிய சகோதரிகளைப் பார்த்ததும் உதறலெடுத்து, ஆட்டத்தை விட்டுப் பாடிவிட்டாள். முதல் பரிசு, 25 டாலர். பெயர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். (பின்னாளில் ஜாஸ் உலகுக்கு எல்லாமே அவர்தான்.)

ஆனால், ஜெயித்தவருக்கு ஒரு வாரம் அங்கே பாடும் வாய்ப்பு தரவேண்டுமே, அதைத் தரவில்லை. காரணம், அழுக்குத் துணியும் பரட்டைத் தலையும். குரலுக்கா டிரஸ் போட்டுப் பார்ப்பார்கள்? படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 1942-ல் அதே போட்டியில் ஜெயித்த ஸாரா வானுக்கு அந்த ஒரு வாரம் கிடைத்தது. யாருடைய நிகழ்ச்சிக்கு முன்னால் பாடினார் தெரியுமா? அதற்குள் நட்சத்திரமாகிவிட்ட எல்லாவுக்கு!

பக்கத்து ஸீட்டில் ஒரு ஹார்லெம் பாட்டி. எண்பதைத் தாண்டியிருக்கும். 1950-களில், சின்னப் பெண்ணாக, அக்காவோடு வந்து ஸாராவை இதே அரங்கில் கேட்டவராம்.

“மாடியில உட்கார்ந்திருந்தோம், தம்பி. மேல இருக்கறதுங்கதான் ரொம்பக் கத்தும். அந்தம்மா குரலைக் கீழே இறக்கிக்கிட்டே போனா பாரு... அடுத்தாள் மூச்சு விடறது கேட்டுச்சு. எங்க அக்கா என் கையைப் பிடிச்சவ, பாட்டு முடிஞ்சும் விடலை.”

சொல்லிவிட்டுத் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். நான் எதுவும் பேசவில்லை.

அதற்குள் மேடையில் ஒரு பையன் சுருதியைத் தேடித் தடுமாறிக்கொண்டிருந்தான். திடீரென்று காதருகே பெரிய ஊளை. பாட்டிதான்!

“பாவம், சின்னப் பையன்...” என்றேன்.

“ஸாராவைக் கேட்ட காது, தம்பி. நான் என்ன பண்றது?” என்றவர், மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு தரம் ஊளையிட்டார்.